கடற்கரைக்குப் பூட்டுப் போட முடியாது, பிள்ளைகளுக்குக் கடலைப் படிப்பிப்போம்



அன்பான ஊர் மக்களே, பெற்றோர்களே! இது கொஞ்சம் நீண்ட பதிவு. பொறுமையாக முழுவதையும் வாசித்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள்.

விடுமுறை தொடங்கிய நாளிலிருந்து அஸருக்குப் பிறகு நமது கடற்கரையில் ஒரு புது விளையாட்டு நடக்கிறது. பொடியன்மார் ப்ளைவூட் பலகையை முட்டை வடிவில் வெட்டி எடுத்து வருகிறார்கள். அலை வந்து திரும்பும் ஈர மணலில் அதைப் போட்டு, ஓடி ஏறிச் சறுக்குகிறார்கள். வெளிநாட்டில் இதற்கு ஸ்கிம்போர்ட் என்று பெயர். நம் பிள்ளைகள் வைத்த பெயர் சறுக்குப் பலகை. எல்லாம் ஃபோனில் வீடியோ பார்த்துப் பழகியதுதான். பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுக்க யாருமில்லை.

போன வாரம் ஒரு பிள்ளை விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அன்று இரவே வட்ஸ்அப் குழுக்கள் சூடாகிவிட்டன. "பலகையைப் பறித்து அடுப்பில் வையுங்கள்" என்கிறார் ஒருவர். "பள்ளிவாசலில் அறிவித்தல் கொடுத்துக் கடற்கரையையே தடை செய்யுங்கள்" என்கிறார் இன்னொருவர். "படிக்கிற பிள்ளைக்குக் கடற்கரையில் என்ன வேலை?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

நாங்கள் இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்கள். எங்கள் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறோம். தடை வேண்டாம், ஒழுங்கு வேண்டும். இந்தப் பலகையை நாம் சரியாகப் பயன்படுத்தினால், இருபது வருடமாக நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் விட்ட ஒரு பாடத்தைச் சொல்லிக் கொடுக்கலாம். கடலை எப்படிப் பார்ப்பது, எப்போது கிட்டப் போவது, எப்போது விலகி நிற்பது என்பதுதான் அந்தப் பாடம்.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசுவோம். நம் உம்மாமாரின் பயம் வீண் பயமல்ல. 2004 டிசம்பர் 26 ஐ இந்தக் கரையில் யாரும் மறக்க முடியாது. சுனாமியில் இலங்கையில் ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது நமது அம்பாறை மாவட்டம்தான். 10,000க்கும் மேற்பட்டோர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு என்று வீட்டுக்கு வீடு மையித்து. அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை நாம் கடலுக்கு முதுகைக் காட்டியே வளர்த்தோம். "கடல் பக்கம் போகாதே" என்ற ஒரு வசனத்தைத் தவிர கடலைப் பற்றி வேறெதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

விளைவு என்ன? கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு, ஆனால் பிள்ளைக்கு நீந்தத் தெரியாது. எந்த இடத்தில் நீர் வெளியே இழுக்கும் என்று தெரியாது. மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். மற்றவர்களுக்கு, அதாவது உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளை, வியாபாரி வீட்டுப் பிள்ளை, ஆசிரியர் வீட்டுப் பிள்ளை எல்லாருக்கும் கடல் என்பது பெருநாள் அன்று ஐஸ்கிரீம் சாப்பிடப் போகும் இடம் மட்டும்தான். இந்தப் பிள்ளை வளர்ந்து நண்பர்களோடு வேறு ஊருக்குச் சுற்றுலா போகும்போது, அறிமுகமில்லாத ஒரு கடலிலோ குளத்திலோ இறங்குகிறான். அப்படிப் போனவர்களின் ஜனாஸாவுக்கு நாம் எத்தனை முறை போயிருக்கிறோம்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021 ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். மூழ்குதல் ஏழைகளையும் கரையோரத்து மக்களையும்தான் அதிகம் கொல்கிறது.

தடை போட்டால் பிள்ளைகள் போகாமல் இருப்பார்களா? நமக்கே தெரியும். ஊர்க் கரையில் பெரியவர்கள் கண் முன்னே விளையாடும் பிள்ளையை விரட்டினால், அவன் ஆள் நடமாட்டமில்லாத இடத்துக்குப் போவான். பெரும்பாலும் அது முகத்துவாரமாக இருக்கும். ஆறு கடலோடு சேரும் இடத்தில் தண்ணீர் ஆழமில்லாதது போலவும் அமைதியாக இருப்பது போலவும் தெரியும். மழைக்காலத்தில் முகத்துவாரம் வெட்டப்பட்டால் அதே இடத்தில் வளர்ந்த ஆளையே இழுத்துக்கொண்டு போகும். நம் தடை பிள்ளையை அங்கேதான் கொண்டுபோய் விடும்.

சரி, இந்தப் பலகை விளையாட்டு என்ன என்று பார்ப்போம். எதிர்ப்பவர்களில் பலர் இதை அறுகம்பேயில் வெள்ளைக்காரர் செய்யும் அலைச்சறுக்கு என்று நினைக்கிறார்கள். அது வேறு. அலைச்சறுக்கில் பெரிய பலகையோடு கடலுக்குள் நீந்திப் போய் அலையில் ஏறி வர வேண்டும். இது கரையில் தொடங்குவது. பலகை சிறியது, மெல்லியது, அடியில் துடுப்புப் போன்ற வால் கிடையாது. தேர்ந்தவர்கள் கரையிலிருந்து சறுக்கிப் போய் அலையையே தொட்டுத் திரும்புவார்கள். ஆனால் பழகுகிறவனுக்குக் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் தேவையில்லை. 1920களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், லகுனா பீச் என்ற இடத்தில் கடற்கரை உயிர்காப்பாளர்கள் மரப்பலகையில் தொடங்கிய விளையாட்டு என்று சொல்வார்கள். நாள் முழுக்கக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதே தொழிலாக உள்ளவர்கள் கண்டுபிடித்தது என்பதைக் கவனியுங்கள்.

இதில் பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை, ஆனால் சின்ன விஞ்ஞானம் இருக்கிறது. அலை திரும்பும்போது மணலின் மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் நிற்கும். பலகை வேகமாகப் போகும் வரை அந்த நீர் பலகையைத் தாங்கும். வேகம் குறைந்தால் பலகை மணலில் ஒட்டிவிடும். மழை நாளில் வேகமாகப் போகும் வாகனத்தின் டயருக்கும் வீதிக்கும் இடையில் தண்ணீர் புகுந்து, பிரேக் பிடிக்காமல் போகிறதே, அதே சங்கதிதான். வகுப்பறையில் கரும்பலகையில் உராய்வைப் பற்றி எழுதிப் போட்டால் கொட்டாவி விடும் பிள்ளை, இதைக் காலால் உணர்ந்தால் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

பழகும் முறையையும் எழுதிவிடுகிறோம். பெற்றோர் வாசித்துப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். விழுகிற பிள்ளைகளில் அநேகம் பேர் அடிப்படை தெரியாமல்தான் விழுகிறார்கள்.

பலகையை நிமிர்த்திப் பிடித்தால் பிள்ளையின் தொப்புள் மட்டத்துக்கு வர வேண்டும். ஓரங்களை உப்புத்தாள் போட்டு நன்றாக உருட்டித் தேய்க்க வேண்டும். கூர் ஓரம் கணுக்காலை வெட்டும். முன்பக்கம் இலேசாக மேல் நோக்கி வளைந்திருந்தால் மணலில் குத்தாது. இரண்டு பக்கமும் வார்னிஷ் பூசாவிட்டால் ப்ளைவூட் உப்புத் தண்ணீரில் ஊறி உரியும். மேல் பக்கம் கடைசிப் பூச்சு காய்வதற்கு முன் கொஞ்சம் மெல்லிய மணலைத் தூவிவிட்டால் கால் வழுக்காது. அடிப்பக்கம் கண்ணாடி போல வழவழப்பாக இருக்க வேண்டும். தச்சுப் பட்டறையில் கழிக்கும் துண்டுப் பலகையே போதும்.

முதல் நாள் பலகையைத் தொடவே வேண்டாம். கரையில் பத்து நிமிடம் நின்று அலையைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த இடம் வரை ஏறுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தப் பக்கம் சரிந்து திரும்புகிறது? எல்லா அலையும் ஒன்றல்ல. சிறியவை சில வந்த பிறகு பெரியவை சேர்ந்து வரும். இதை எண்ணிப் பார்க்காத பிள்ளை பலகையைத் தூக்கக் கூடாது.

அடுத்தது தண்ணீரின் அளவு. பெருவிரல் நகம் மறையும் அளவு தண்ணீர்தான் நல்ல தண்ணீர். அதிலும் குறைந்தால் பலகை திடீரென்று நிற்கும், பிள்ளை முன்னால் பறப்பான். அதிகமானால் பலகை அமிழும். ஆகவே அலை ஏறி வரும்போது ஓடக் கூடாது. அது ஏறி, நின்று, திரும்பத் தொடங்கும்போதுதான் ஓட வேண்டும். நேராகக் கடலைப் பார்த்தும் ஓடக் கூடாது. பழகும் காலம் முழுக்கக் கரையோடு ஒட்டியே ஓட வேண்டும்.

பலகையை ஒரு கையால் பின் ஓரத்திலும் மற்றக் கையால் பக்க ஓரத்திலும் பிடித்து, குனிந்து ஓடி, தண்ணீர் மேல் தட்டையாக விட வேண்டும். எறியக் கூடாது. எறிந்தால் பலகை தூரப் போய்விடும், பிள்ளை அதைத் துரத்திக்கொண்டு போய்க் குதிப்பான். நாம் பார்த்த விழுகைகளில் பாதி இந்தக் குதிப்பினால்தான். குதித்தால் பலகை முன்னால் வழுக்கிப் போய்விடும், ஆள் பின்னால் விழுவான், கையை ஊன்றுவான், மணிக்கட்டு போய்விடும். ஓடுகிற வேகத்திலேயே, நகரும் பஸ்ஸில் ஏறுவது போல, ஒரு காலைத் தொடர்ந்து மற்றக் காலை வைத்து ஏற வேண்டும். ஆளும் பலகையும் ஒரே வேகத்தில் போனால் ஏறியதே தெரியாது.

ஏறிய பிறகு முழங்காலை மடித்து, இரண்டு காலையும் பலகையின் நடுப்பகுதியில் அகட்டி வைத்து, பாரத்தை முன் காலுக்குச் சற்றே அதிகமாகக் கொடுக்க வேண்டும். பயந்து பின்னால் சாய்ந்தால் வால் அமிழ்ந்து நின்றுவிடும். பார்வை காலில் அல்ல, போகும் திசையில் இருக்க வேண்டும். விழப் போகிறோம் என்று தெரிந்தால் பலகையை விட்டு ஓடி இறங்கப் பழக வேண்டும். முடியாவிட்டால் பக்கவாட்டில் உருள வேண்டும். கையை நீட்டி ஊன்றவே கூடாது. ஆழமில்லாத தண்ணீரில் தலை கீழாகப் பாயவே கூடாது. கழுத்து எலும்பு போனால் ஆயுளுக்கும் படுக்கைதான்.

இவ்வளவையும் ஒரு பிள்ளை பழக ஒரு வாரம் எடுக்கும். அந்த ஒரு வாரத்தில் அவன் சறுக்கியது மொத்தம் சில நிமிடங்கள்தான். மிச்ச நேரம் எல்லாம் கையில் பலகையோடு நின்று கடலைப் பார்த்திருப்பான். நாங்கள் இந்த விளையாட்டை ஆதரிப்பதற்கு இதுதான் காரணம். ஃபோனைப் பார்த்துக் குனிந்த தலை நிமிர்ந்து, அடுத்த அலை எப்போது என்று பார்க்கிறது. "சேர், இன்றைக்கு நீர் வடக்கே இழுக்குது" என்று ஒன்பதாம் ஆண்டுப் பொடியன் ஒருவன் சொன்னான். எந்தப் பாடப் புத்தகமும் அவனுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடலைப் பார்க்கப் பழகிய பிள்ளை ஒன்று என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. அதே 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில், மாய் காவ் கடற்கரையில் பெற்றோருடன் நின்றாள் டில்லி ஸ்மித் என்ற 10 வயது இங்கிலாந்துப் பிள்ளை. கடல் நுரைத்துப் பொங்குவது வழமையானதல்ல என்று அவளுக்குப் பட்டது. சில வாரங்களுக்கு முன்தான் புவியியல் ஆசிரியர் வகுப்பில் சுனாமியைப் பற்றிப் படிப்பித்திருந்தார். அவள் விடாமல் சத்தம் போட்டதால் கடற்கரையில் நின்றவர்கள் வெளியேற்றப்பட்டு உயிர் தப்பினார்கள். வகுப்பில் கேட்டதையும் கண்ணால் கண்டதையும் அந்தப் பிள்ளை சேர்த்துப் பார்த்தது. நம் பிள்ளைகளுக்கு வகுப்பில் சுனாமிப் பாடம் இருக்கிறது. வழமையான கடல் எப்படியிருக்கும் என்றே தெரியாத பிள்ளை, வழமைக்கு மாறான கடலை எப்படி அடையாளம் காணும்?

கடலால் அடிபட்ட ஊர் கடலோடு விளையாடலாமா என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பிலிப்பைன்ஸ் நாட்டில் லெய்ட்டே தீவில் தனாவுவான் என்று ஒரு கரையோர ஊர் இருக்கிறது. 2013 நவம்பர் 8 இல் ஹையான் சூறாவளி கடலையே ஊருக்குள் கொண்டு வந்தது. பெரும் உயிரிழப்பு. நம் 2004 போன்ற ஒரு நாள். இன்று அந்த நாட்டில் ஸ்கிம்போர்ட் என்றால் முதலில் சொல்லப்படும் ஊர்களில் ஒன்று அதே தனாவுவான். அவர்களும் பிள்ளைகளை இழந்தவர்கள்தான். ஆனால் மிஞ்சிய பிள்ளைகளிடமிருந்து கடற்கரையைப் பறிக்கவில்லை.

இனி ஒழுங்கு. இதில் நாங்கள் கண்டிப்பானவர்கள். ஒழுங்கில்லாமல் இந்த விளையாட்டு நடப்பதானால் எதிர்ப்பவர்களோடு நாங்களும் சேருவோம்.

முதலாவது, கரைவலை. கடற்கரை முதலில் கடலை நம்பி உலை வைக்கும் காக்காமாருடைய இடம். வலை இழுக்கும்போது கயிறு கரையில் விறைத்து நிற்கும். பலகையில் வேகமாக வரும் பிள்ளைக்கு அது கழுத்துக் கயிறு. வலை இழுக்கும் இடத்துக்கும் தோணி ஏற்றி இறக்கும் இடத்துக்கும் கிட்ட ஒரு பிள்ளையும் பலகையோடு போகக் கூடாது. வலை இழுக்கும் நேரத்தில் பலகையை வைத்துவிட்டு ஒரு கை கொடுத்தால் இன்னும் நல்லது. கடலைப் பற்றி அவர்களிடம் கற்க நிறைய இருக்கிறது.

இரண்டாவது, இடம். ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு அந்தப் பக்கத்துக் கரை எப்படி அரிபட்டது என்று எல்லாரும் கண்டோம். அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல் போட்ட இடங்களில் இந்த விளையாட்டு வேண்டாம். கரை செங்குத்தாகச் சரிந்து, அலை கரையிலேயே குத்தி விழும் இடமும் வேண்டாம். முகத்துவாரம் எந்தக் காலத்திலும் வேண்டாம். மணல் தட்டையாக நீண்டு கிடக்கும் ஓர் இடத்தைப் பெரியவர்கள் பார்த்துக் கொடி நட்டு ஒதுக்கிக் கொடுக்கட்டும்.

மூன்றாவது, காலம். கச்சான் காலத்தில் கரை ஓரளவு அமைதியாக இருக்கும். வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்தால் பலகை வீட்டில் இருக்க வேண்டும். மஃரிப் பாங்குக்குக் கால் மணித்தியாலம் முன் எல்லாரும் கரையேற வேண்டும். இருட்டில் கடல் யாரையும் காட்டாது.

நான்காவது, நீச்சல். நீந்தத் தெரியாத பிள்ளை தண்ணீர் முழங்காலைத் தொடும் இடத்துக்குப் போகவே கூடாது. நீச்சலைப் பழக்குவதைப் பற்றி மிம்பரில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். கேட்டதோடு விட்டுவிட்டோம். அலை உடையாமல் நடுவில் தெருப் போலத் தெரியும் இடத்தில்தான் நீர் வெளியே இழுக்கும் என்பதையும், இழுத்தால் எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக நீந்தி வெளியேற வேண்டும் என்பதையும் ஒவ்வொரு பிள்ளையும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும்.

ஐந்தாவது, குப்பை. நம் கடற்கரையில் உடைந்த போத்தலும் தூண்டில் முள்ளும் கிடக்கின்றன. விளையாடும் இடத்தைத் துப்புரவு செய்யாமல் யாரும் பலகையில் ஏறக் கூடாது. பொடியன்மார் இதைச் செய்வார்கள். இப்போதே சிலர் செய்கிறார்கள்.

பெண்பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிலருக்குப் பிடிக்காது, ஆனாலும் சொல்ல வேண்டும். சுனாமி அன்று அலை ஆண், பெண் பார்த்து வரவில்லை. ஓடவும் நீந்தவும் பழகாத பெண்களும் சின்னப் பிள்ளைகளும்தான் அதிகம் அகப்பட்டார்கள். பொத்துவில் பக்கத்தில், அறுகம்பேயில் 2018 இல் பெண்பிள்ளைகளுக்கென்றே ஓர் அலைச்சறுக்குக் கழகம் தொடங்கினார்கள். அதையே நாமும் செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. காலை நேரத்தில், உம்மாமாரும் ஆசிரியைகளும் கூட நிற்க, ஒதுக்கமான ஓர் இடத்தில், மார்க்க வரம்புக்குள் நம் பெண்பிள்ளைகளும் கடலைக் கிட்ட நின்று பார்க்கவும் தண்ணீரில் பழகவும் ஓர் ஏற்பாடு செய்ய முடியாதா? முடியும். மனது வைத்தால் போதும்.

படிப்புக் கெடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். காலையில் பாடசாலை, பின்னேரம் டியூஷன், இரவில் ஃபோன் என்று வாழும் பிள்ளை நன்றாகப் படிக்கிறான் என்று நாங்கள் காணவில்லை. வகுப்பில் தூங்குகிறான். ஒரு மணித்தியாலம் ஓடி வியர்த்த பிள்ளை இரவில் நேரத்தோடு தூங்கி, காலையில் முகத்தில் வெளிச்சத்தோடு வருகிறான். எங்களுக்கு அந்தப் பிள்ளைதான் வேண்டும்.

ஆகவே நமது பள்ளிவாசல் நிருவாகத்திடமும் மீனவர் சங்கத்திடமும் விளையாட்டுக் கழகங்களிடமும் ஒரு வேண்டுகோள். தடை அறிவித்தல் கொடுப்பதற்கு முன் ஒரு நாள் அஸருக்குப் பிறகு எல்லாரும் ஒன்றாகக் கடற்கரைக்கு வாருங்கள். இடத்தை ஒதுக்குவோம். நேரத்தை முடிவு செய்வோம். ஒரு நாளைக்கு இரண்டு பெரியவர்கள் என்று முறை வைத்து நிற்போம். முதலுதவி தெரிந்த ஒருவர், ஒரு கயிறு, காற்றடித்த ஒரு டியூப் எப்போதும் கரையில் இருக்கட்டும். ஜூலை 25 நீரில் மூழ்குவதைத் தடுக்கும் உலக தினம். அந்த நாளில் பாடசாலையில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்க நாங்கள் தயார்.

வாப்பாமாரே, உங்கள் மகனிடமிருந்து பலகையைப் பறிக்க முன் ஒரு நாள் அவனோடு போய்க் கரையில் நில்லுங்கள். இன்றைக்கு நீர் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அவனிடம் கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் பலகையை வாங்கி வைத்துக்கொண்டு, தெரியும் வரை அவனோடு நின்று பாருங்கள். தெரிந்தால் பலகையைக் கையில் கொடுங்கள்.

முறை நிற்க விரும்பும் பெரியவர்கள் கீழே பெயரைப் போடுங்கள். ஏச விரும்புகிறவர்களும் வாருங்கள், கடற்கரையில் வைத்தே பேசுவோம்.

வஸ்ஸலாம்.